சுயவிவரத்தில் தண்ணீர் கலக்க வேண்டாம்

தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் எங்கள் பல்கலைக்கழக விடுதியில் இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரியும். படிப்புக்காக அல்ல, சுயவிவரம் தயாரிப்பதற்காக. சீனியர் ஒருவருடைய சுயவிவரம் வாட்ஸ்அப்பில் கை மாறி வரும். பெயரையும் படத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. “தலைமைத்துவப் பண்பு மிக்கவர்”, “எந்த நெருக்கடியையும் சமாளிப்பவர்”, “குழுவோடு இணைந்து செயல்படுபவர்” என்ற வரிகள் எல்லாருடைய தாளிலும் அப்படியே இருக்கும். லிங்க்ட்இன் கணக்கிலும் அதே வரிகள்தாம்.

இதற்கு இன்று ‘பெர்சனல் பிராண்டிங்’ என்று பெயர். தமிழில் தனிமுத்திரை என்று சொல்லலாம். 1997-ஆம் ஆண்டு அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ், ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற இதழில் எழுதிய ஒரு கட்டுரை இந்தச் சிந்தனையைப் பிரபலமாக்கியது. ஒரு நிறுவனம் தன் பொருளுக்குப் பெயர் உருவாக்குவதைப்போல, வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பெயரை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். 2003-இல் லிங்க்ட்இன் வந்தது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் இதற்கெனப் பயிலரங்குகளே நடக்கின்றன.

இது நமக்குத் தேவையா? தேவை என்பதே என் கருத்து. ஆனால் பயிலரங்கில் சொல்லிக் கொடுப்பதைப்போல அல்ல. ஏன் என்று சொல்வதற்கு முன், நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நேர்முகத் தேர்வு

நான் கணக்கியல் படிக்கிறேன். கடந்த ஆண்டு ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சிக்காக நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். என் சுயவிவரத்தில் இரண்டு வரிகள் பளிச்சென்று இருந்தன. எக்செல் மென்பொருளில் மேம்பட்ட திறன் உண்டு என்பது ஒன்று. பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் நிகழ்ச்சி ஒன்றை வழிநடத்தினேன் என்பது மற்றொன்று.

தேர்வு நடத்திய அம்மையார் தம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். விற்பனைப் பட்டியல் ஒன்றைக் காட்டி, மாதவாரியாகப் பிரித்துத் தொகை போடச் சொன்னார். என்னால் செய்ய முடிந்தது சாதாரணக் கூட்டல் மட்டுமே. அவர் கேட்டது அதற்கு மேல். ஐந்து நிமிடம் தடுமாறினேன். பிறகு சுற்றுச்சூழல் நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டார். எத்தனை பேர் கொண்ட குழு, செலவு எவ்வளவு, என்ன சிக்கல் வந்தது என்றெல்லாம் விசாரித்தார். உண்மையில் அந்த நிகழ்ச்சியில் நான் வாசலில் அமர்ந்து வந்தவர்களின் பெயரைப் பதிவு செய்தேன். அவ்வளவுதான். என் முகத்திலேயே அது தெரிந்திருக்கும்.

இறுதியாக, “நிஜமாகவே கணக்கு ஏதும் பார்த்த அனுபவம் உண்டா?” என்று மலாய் மொழியில் கேட்டார். தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னேன். எங்கள் குடும்பம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு நிலம் விற்கப்பட்டு, மக்கள் நாலா திசைக்கும் பிரிந்து சென்றுவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு எல்லாரும் ஒன்றுகூடுவார்கள். ஈப்போ, சுங்கை சிப்புட், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களிடமிருந்து வரும் காணிக்கையையும் திருவிழாச் செலவையும் மூன்று ஆண்டுகளாக நான்தான் கணக்கு எழுதி வருகிறேன். வங்கிக்கு வந்த பணத்தையும் கையில் வந்த பணத்தையும் ரசீதோடு ஒப்பிட்டு, பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன். ஐம்பது வெள்ளி இடித்தாலும் கேள்வி கேட்கத் தாத்தாமார்கள் இருக்கிறார்கள்.

அவர் என் தாளை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “இது ஏன் இதில் இல்லை?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த இடம் எனக்குக் கிடைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. தோட்டம், கோயில், காணிக்கை என்று எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உள்ளதை மறைத்தேன். இல்லாததை எழுதினேன். இரண்டும் ஒரே வெட்கத்திலிருந்து பிறந்த தவறுகள்.

‘கேபிள்’ இல்லாத பிள்ளைகள்

நம்மில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். நமக்கு அலுவலகங்களில் மாமா, சித்தப்பா கிடையாது. ‘கேபிள்’ இருந்தால்தான் வேலை என்று பேசிக்கொள்கிறோமே, அந்தக் கேபிள் என்பது வேறொன்றுமில்லை. நம்மை அறிந்த ஒருவர், நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. நமக்கு அமைவதில்லை. ஆகவே நம் வேலையே நமக்காகப் பேச வேண்டியிருக்கிறது. அது பிறர் கண்ணில் படும்படி எடுத்து வைப்பதுதான் தனிமுத்திரை.

“எத்தனை செய்தாலும் நம் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள், மாண்டரின் கேட்பார்கள்” என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. அந்தக் கசப்பில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேலை விளம்பரங்களைப் படிப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் கதவு குறுகலாக இருக்கிறது என்பதற்காகச் சான்று இல்லாமல் போய் நின்றால், மறுப்பவருக்கு நாமே காரணத்தைக் கையில் கொடுத்ததாகிவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. “தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளாதே” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல பாடம்தான். ஆனால் செய்ததைச் சொல்வது வேறு, புகழ்ந்துகொள்வது வேறு. “நான் சிறந்த தலைவர்” என்பது புகழ்ச்சி. “மூன்று ஆண்டுகள் கோயில் கணக்கு எழுதினேன், ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது” என்பது தகவல். முதல் வரியை யாரும் சோதிக்க முடியாது. இரண்டாவதை யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அதனால்தான் அதற்கு மதிப்பு.

ரப்பர் கற்றுத்தந்த பாடம்

என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். நேர்முகத் தேர்வில் நடந்ததை அவரிடம் சொன்னபோது சிரித்தார். “பாலுல தண்ணி ஊத்துன கதையா இருக்கே” என்றார்.

தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி வாளியை மட்டும் நிறுத்து எழுதிக்கொள்வதில்லை. மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்க விடுவார். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிவிடும். சம்பளக் கணக்கு வாளியின் எடைக்கு அல்ல, அதிலிருக்கும் காய்ந்த ரப்பரின் எடைக்கு. யாராவது ஆசைப்பட்டுத் தண்ணீர் கலந்தால் அன்றே தெரிந்துவிடும். அதோடு போகாது. அடுத்த நாளிலிருந்து அவருடைய வாளி வரும்போதெல்லாம் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். “ஒரு நாள் கலந்தவ பேரு வருசக் கணக்குல கெட்டுப் போவும்” என்றார் பாட்டி. நேர்முகத் தேர்வில் என் பக்கம் திருப்பப்பட்ட மடிக்கணினிதான் எனக்கு வாய்த்த மெட்ரோலாக்.

ரப்பரின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1877-இல் நம் பேராக்கின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிற்காலத்தில் உலகச் சந்தையையே ஆண்ட தொழிலின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அப்படி வளர்ந்த தொழிலில் நெடுங்காலம் ரப்பர் தாளைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். வெளிச்சத்தில் பிடித்து, நிறம் எப்படி, குமிழி உண்டா, அழுக்கு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பார்க்க அழகாக இருந்தால் நல்ல விலை. பிறகு செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தது. அது அளந்த விவரங்களோடு விற்கப்பட்டது. வாங்குபவருக்கு அழகு தேவைப்படவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற உறுதி தேவைப்பட்டது.

1965-இல் மலேசியா ‘ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. ரப்பரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று அளந்து, தரக் குறியோடு விற்றார்கள். ரப்பர் விளையும் மற்ற நாடுகளும் இதுபோன்ற முறைகளைப் பின்பற்றின. உலகச் சந்தையில் மலேசிய ரப்பர் தன் பெயரை இப்படித்தான் காத்துக்கொண்டது. தோற்றத்துக்குக் கிடைத்த மதிப்பைவிடச் சோதனைக்கு உட்பட்ட தரத்துக்குக் கிடைத்த மதிப்பு நிலைத்தது. நம் பாட்டன்மார் வெட்டிய பாலுக்கே அந்தத் தரக் குறி தேவைப்பட்டது என்றால், அவர்கள் பேரப்பிள்ளைகளான நமக்கும் தேவைதானே?

பேராக் மண்ணிலிருந்து இருவேறு கதைகள்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, வீட்டில் அடைபட்டுக் கிடந்த நாடே ஒரு தமிழ்த் தம்பதியின் சமையலைப் பார்த்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு–பவித்ரா இணையர் அவர்கள். கணவர் தோட்டத் தொழிலாளி. எளிய வீட்டுச் சமையலறை. பெரிய விளக்கும் இல்லை, அலங்காரமும் இல்லை. நம் வீட்டுக் குழம்பையும் பொரியலையும் பவித்ரா சரளமான மலாய் மொழியில் விளக்கினார். சில மாதங்களிலேயே அவர்களின் யூடியூப் ஒளிவழிக்குப் பல லட்சம் சந்தாதாரர்கள் சேர்ந்தனர். அப்போதைய பிரதமரே தம் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார்.

எந்தப் பயிலரங்கும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எதை நாம் மறைக்க நினைக்கிறோமோ, அந்தத் தோட்டத்து எளிமையையே அவர்கள் மறைக்காமல் காட்டினார்கள். நம் சமையலை அறியாத மலாய் நண்பர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சென்றார்கள். தெரிந்த வேலை, தெரிந்த மொழி, அதனால் பயன்பெறும் மக்கள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தன. அதே சமயம், புகழ் வந்த வேகத்தில் அவர்களின் குடும்ப வாழ்க்கையும் செய்தியாகிவிட்டதை நாம் பார்த்தோம். வேலையைக் காட்டுவதற்கும் வீட்டைக் காட்டுவதற்கும் இடையே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் நமக்குள்ள பாடம்.

இரண்டாவது கதை, அவசரமே இல்லாமல் வளர்ந்த ஒரு பெயர். 1951-இல் கோப்பேங் அருகே ஒரு கிராமத்தில் பிறந்த முகமட் நோர் காலிட் என்ற சிறுவன் குண்டாக இருந்ததால், உருண்டை என்று பொருள்படும் ‘புலாட்’ என்ற சொல்லிலிருந்து ‘லாட்’ என்று அழைக்கப்பட்டான். கிண்டல் பெயர்தான். அதை அவர் மறைக்கவில்லை, கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டார். 13 வயதில் அவருடைய முதல் சித்திரக்கதைப் புத்தகம் அச்சானது. பள்ளிப் படிப்பை முடித்தபின் கோலாலம்பூரில் குற்றச் செய்தி நிருபராக வேலை பார்த்தார். 1974-இல் மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த சித்திரங்கள் ஹாங்காங் இதழ் ஒன்றில் வெளிவந்த பிறகுதான், ஆங்கில நாளேட்டில் அவருக்கென இடம் கிடைத்தது. 1979-இல் ‘கம்போங் பாய்’ வந்தது. முதல் புத்தகத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 15 ஆண்டுகள். தாம் வளர்ந்த கம்பத்தையே வரைந்தார், உலகம் அதைத் தேடி வந்து படித்தது.

இந்த இருவரையும் நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. எல்லாரும் யூடியூப் நட்சத்திரமாக முடியாது, ஆகவும் தேவையில்லை. ஒரு பொறியியலாளருக்கோ தாதிக்கோ ஆசிரியருக்கோ பல லட்சம் பேர் தேவையில்லை. நம் வேலையை நேரில் பார்த்து, “இவரை நம்பலாம்” என்று சொல்லக்கூடிய பத்துப் பேர் போதும்.

இப்போதே செய்யக்கூடியவை

அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. அந்த நேர்முகத் தேர்வுக்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். என் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், மின்னஞ்சலில் வேறு விதமாகவும், இன்ஸ்டாகிராமில் பட்டப்பெயராகவும் இருந்தது. ‘அனாக் பெரம்புவான்’ போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. தேடுபவர் குழம்பிப் போவார். இப்போது எல்லா விண்ணப்பங்களிலும் தொழில் சார்ந்த கணக்குகளிலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். உங்கள் பெயரைக் கூகளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். படிவம் மூன்றில் விளையாட்டாகப் போட்ட சண்டைப் பதிவு வந்து நிற்கலாம். அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் பொதுவில் போட்டிருந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது, சான்று. சுயவிவரத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் “இதை எப்படிக் காட்டுவேன்?” என்று எழுதிப் பார்த்தேன். காட்ட முடியாத வரிகளை நீக்கினேன். பாதித் தாள் காலியானது. வருத்தமாக இருந்தது, ஆனால் பயம் போய்விட்டது. அந்த வெற்றிடத்தில் கோயில் கணக்கு வந்து அமர்ந்தது. குடும்பங்களின் பெயர்களை நீக்கிவிட்டு, கணக்குத் தாளின் மாதிரி ஒன்றையும் தனியே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, இல்லாததைக் கற்றுக்கொள்வது. எக்செல் தெரியும் என்று பொய் எழுதியதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அதை உண்மையாக்க ஆறு வாரம் ஆனது. காசு செலவில்லை, இணையத்தில் இலவசப் பாடங்கள் ஏராளம். பொய்யைத் தாங்கிக்கொண்டு தேர்வறையில் உட்கார்ந்திருப்பதைவிட அந்த ஆறு வாரம் எளிது.

நான்காவது, மொழி. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். மூன்று மொழிகளில் வேலை செய்யக்கூடியவர் என்பது சாதாரணத் தகுதி அல்ல. ஆனால் பலர் தமிழைச் சுயவிவரத்தில் எழுதுவதே இல்லை. மருத்துவமனை, வங்கி, காப்புறுதி, நீதிமன்றம், சமூக நலம் என்று எங்கு சென்றாலும் தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் பெரியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். எழுதுங்கள். ஆங்கிலத்தில் “மிகச் சிறந்த புலமை” என்று எழுதுவதைவிட, மூவெட் தேர்வில் பெற்ற நிலையைக் குறிப்பிடுங்கள்.

இன்னும் பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகளே, “எங்களுக்கு என்ன அனுபவம் இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் கணக்கில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் செல்கிறது. அந்தப் பத்துக்காகப் பதவியைத் துரத்துகிறோம். செயலாளர் என்ற பதவியைவிட, செயலாளராக இருந்து நீங்கள் எழுதிய கூட்டக் குறிப்பு முக்கியம். ஒரு கோப்பு வாங்கி, செய்ததை எல்லாம் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். தம்பிக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தது, அப்பாவின் கடைக் கணக்கைப் பார்த்தது, தாத்தாவுக்கு அரசாங்கப் பாரம் நிரப்பிக் கொடுத்தது ஆகிய எல்லாமே வேலைதான். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பதற்காக அது வேலை இல்லை என்றாகிவிடாது.

இந்த வார இறுதியில் ஒரு தாளை எடுத்து மூன்றே வரிகள் எழுதிப் பாருங்கள். நீங்கள் செய்த மூன்று வேலைகள், ஒவ்வொன்றையும் நேரில் பார்த்த ஒருவரின் பெயரோடு. எழுதியபின் அந்த மூவரில் ஒருவரிடம் காட்டி, “இது சரிதானே?” என்று கேளுங்கள். நான் முதலில் காட்டியது எங்கள் கோயில் தலைவரிடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “போன வருசம் வாடகைக் கூடாரத்துக்கு இருநூறு வெள்ளி கொறச்சுப் பேசி முடிச்சியே, அத எழுதல?” என்றார்.

எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.